நம் தெருவில் நடப்பவர் யார், நடக்காதவர் யார்: நடை, சைக்கிள், பேருந்துப் பயணத்தைப் பேட்டை அளவில் ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 2008-இல் விரிவான போக்குவரத்து ஆய்வு ஒன்று நடந்தது. மொத்தப் பயணங்களில் கால் பங்குக்கும் மேல் நடந்தே போகும் பயணங்கள் என்று அதில் தெரியவந்தது. பேருந்தின் பங்கும் ஏறக்குறைய அதே அளவு. காரின் பங்கு மிகச் சிறியது. ஆனாலும் ஒரு ரோட்டில் வேலை ஆரம்பித்தால் முதலில் அகலமாவது வண்டி ஓடும் பகுதிதான். மிச்சம் மீதி இருந்தால் பிளாட்பாரம்.

இத்தனைக்கும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்ட மாநகராட்சி சென்னை மாநகராட்சி. இந்திய நகரங்களில் இதற்கு முன்னோடியே அதுதான். தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. அந்த உத்தரவுக்கு வழிவிட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். கொள்கை இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்த இடத்தில் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்குகிறார்கள் என்ற கணக்குதான் பெரும்பாலும் யாரிடமும் இல்லை. அந்தக் கணக்கைக் குடியிருப்போர் சங்கமோ, கல்லூரி மாணவர்களோ, அக்கறையுள்ள நாலைந்து பேரோ எடுத்துவிட முடியும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. சென்னையை வைத்து எழுதுகிறேன். மதுரைக்கும் திருச்சிக்கும் அலுவலகப் பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம் நின்று எண்ணினால் ரோட்டுக்கு வந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட பாட்டியும், சைக்கிளில் போக அனுமதி கிடைக்காத பள்ளிக்கூடப் பெண்ணும், சக்கர நாற்காலிக்காரரும் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்காகத்தான் ஆய்வே. ஆகவே ஒவ்வொரு படியிலும் “இங்கே யார் இல்லை?” என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

“எங்கள் ஏரியாவில் போக்குவரத்து எப்படி இருக்கிறது?” என்று ஆரம்பித்தால் ஆய்வு முடியாது. “ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் வரைக்கும் ஒரு வயதானவர் ரோட்டில் இறங்காமல் நடந்துவிட முடியுமா?” என்று கேட்டால் முடிவுக்கு வரலாம். “இந்த அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், எப்படி வர ஆசைப்படுகிறார்கள்?” என்பது இன்னொரு நல்ல கேள்வி. பதில் தெரிந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று சொல்ல வராத கேள்வியைத் தள்ளிவிடுங்கள்.

2. எல்லையும் வரைபடமும்

ஒரு நிதானமான ஆள் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர். பேருந்து நிறுத்தம், பள்ளி, ரேஷன் கடை, சந்தை இப்படி ஏதாவது ஒன்றை நடுவில் வைத்து, அங்கிருந்து 400 மீட்டர் தொலைவு நடந்து போகக்கூடிய தெருக்களைக் குறித்தால் அதுதான் உங்கள் எல்லை. காம்பஸ் வைத்து வட்டம் போட்டுவிடாதீர்கள். நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ மதில் சுவரோ இருந்தால், வட்டத்துக்குள் பக்கத்தில் தெரிகிற வீடு கால்நடையாகப் போகும்போது ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கூவத்தையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் ஒட்டிய பேட்டைகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உங்கள் பகுதியின் வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு, அதில் இல்லாத சந்து, படிக்கட்டு, மதில் உடைந்து உண்டான குறுக்கு வழி எல்லாவற்றையும் கையால் வரையுங்கள். அரசு வரைபடத்தில் இல்லாத குறுக்கு வழிகளில்தான் பாதிப் பேட்டை நடமாடுகிறது.

3. ஏற்கெனவே இருக்கும் தகவலை வாங்குங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்குப் போகிறவர் எதில் போகிறார், எவ்வளவு தூரம் போகிறார் என்று கேட்டார்கள். மாவட்ட அளவில் அந்த அட்டவணை கிடைக்கும். ஆனால் விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இல்லாத மற்ற வேலைக்காரர்களின் வேலைப் பயணம் மட்டுமே அதில் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விடப் போவது, ரேஷன் வாங்கப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எதுவும் கிடையாது. பெண்களின் பயணத்தில் பெரும்பகுதி இப்படி விட்டுப்போகிறது. இந்த அட்டவணையைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்துத் தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். காவல் நிலையத்துக்குப் போகும் மனுவில் “கடந்த மூன்று ஆண்டில் இந்த ரோட்டில் நடந்த விபத்துகள்: தேதி, நேரம், இடம், அடிபட்டவர் நடந்து போனவரா, சைக்கிளா, டூவீலரா” என்று பிரித்துக் கேளுங்கள். “விபத்து விவரம் தரவும்” என்று மொட்டையாக எழுதினால் மொத்த எண்ணிக்கை ஒன்றுதான் வரும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தை முதலில் செயல்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால், விபத்து நடந்த இடத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் இப்போது இருக்கிறது. மாநகராட்சிக்கு இன்னொரு மனு. அந்த ரோடு யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது போட்டார்கள், அடுத்த டெண்டர் எப்போது என்று அதில் கேளுங்கள். இந்த மனுவின் பயன் 11-ஆம் படியில் தெரியும்.

விழுந்து கால் பிசகினவரும் ஸ்லாபில் தடுக்கிக் கை முறிந்தவரும் எஃப்.ஐ.ஆரில் வர மாட்டார்கள். அவர்களை அறிய அக்கம்பக்கத்து எலும்பு மருத்துவமனை, மாவுக்கட்டு போடும் கிளினிக் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெயர் கேட்க வேண்டாம், இடத்தை மட்டும் கேட்டால் போதும்.

4. எண்ணுவது

நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் எண்ணி ஆறால் பெருக்குவது உலகம் முழுக்கத் தெரு ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறை. ஆள் நடமாட்டம் குறைந்த சின்னத் தெருவில் 10 நிமிடம் போதாது, 20 நிமிடம் எண்ணுங்கள். காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 2, மாலை 4 முதல் 9 என்று வைத்துக்கொண்டால் போதுமானது. ஒரு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு. தி.நகரில் ஆடித் தள்ளுபடி நேரத்திலும், மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரி சீசனிலும், எங்கேயுமே பொங்கல் வாரத்திலும் பொதுத்தேர்வு விடுமுறையிலும் எண்ணினால் வரும் கணக்கு அந்தத் தெருவின் வழக்கமான கணக்காக இருக்காது.

தாளில் என்னென்ன கட்டம் போடுகிறோம் என்பதில்தான் ஆய்வின் தரம் இருக்கிறது. நடப்பவர்களை ஆண், பெண், பிள்ளைகள், முதியவர் என்று பிரியுங்கள். கைத்தடி, சக்கர நாற்காலி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலைச்சுமையோடு வருபவர்களுக்குத் தனிக் கட்டம். சைக்கிளையும் இரண்டாகப் பிரியுங்கள். பால், பேப்பர், கேஸ் சிலிண்டர், டீ கேன் கட்டிக்கொண்டு போகும் தொழில் சைக்கிள் ஒன்று, மற்றவை ஒன்று. சைக்கிள் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆர். போகிறவர்கள்தான் என்ற நினைப்பு பல அலுவலகங்களில் இருக்கிறது. அதை உடைக்க இந்த ஒரு கட்டம் போதும். வாகனங்களில் டூவீலர், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கார், வேன், பேருந்து. பேருந்தை ஒன்று என்று எண்ணிவிட்டு, உள்ளே எத்தனை பேர் என்பதையும் குத்துமதிப்பாகக் குறியுங்கள். காலி, சீட் நிறைந்தது, நின்றுகொண்டு, படியில் தொங்கிக்கொண்டு என நாலு நிலை போதும்.

இன்னும் ஒரு கட்டம் உண்டு. நான் பார்த்த எண்ணும் தாள்களில் பெரும்பாலும் இது விடுபட்டிருக்கிறது. நடப்பவர் எங்கே நடக்கிறார்? பிளாட்பாரத்தின் மேலா, ரோட்டிலா? பிளாட்பாரம் இருந்தும் பத்தில் ஏழு பேர் ரோட்டில் நடந்தால் அந்தப் பிளாட்பாரம் வேலை செய்யவில்லை. “மக்களுக்கு ஒழுக்கம் இல்லை, பிளாட்பாரம் போட்டுக் கொடுத்தாலும் ரோட்டில்தான் நடப்பார்கள்” என்று யாராவது சொல்வார்கள். அந்த இடத்தை அளந்த தாளை எடுத்து நீட்டுங்கள். எந்த மீட்டரில் இறங்கினார்கள், அங்கே என்ன இருக்கிறது என்று அதுவே சொல்லும்.

எண்ணுவதற்கு எப்போதும் இரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் சொல்ல, ஒருவர் கோடு போட. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். இரவு எண்ணும்போது பெண்களும் கட்டாயம் குழுவில் இருக்கட்டும். எந்த இடத்தில் நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லையோ, அந்த இடத்தையும் வரைபடத்தில் குறித்துவிடலாம்.

5. நடைபாதையை அளப்பது

வேண்டியது ஒரு இஞ்ச் டேப், சாக்பீஸ், போன் கேமரா. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது. ஓரக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த மூன்று எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். நடைபாதையின் மொத்த அகலம் உங்களுக்குத் தேவையில்லை. மின்பெட்டியும் மரமும் போனபின் நடக்க மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் தேவை.

இருபது மீட்டருக்கு ஒரு முறை அளவெடுங்கள். நடுவில் தடை வந்தால் அங்கே தனியாக ஓர் அளவு. டிரான்ஸ்பார்மர், ஈ.பி. பெட்டி, கட்சிக் கொடிக்கம்பம், கடையின் படிக்கட்டு, வீட்டுக் கேட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சாய்தளம், திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால், தொங்கும் கேபிள், பைக், கார். எது நிரந்தரம், எது வந்து போவது என்று பிரித்து எழுதுங்கள்.

அளந்து முடித்ததும் சராசரி போடாதீர்கள். 200 மீட்டர் நீளத்தில் சராசரி அகலம் 1.6 மீட்டர் என்று தாளில் நன்றாகத்தான் தெரியும். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 40 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், சக்கர நாற்காலிக்கு அந்த நடைபாதையே கிடையாது. அங்கே இறங்க ஒரு சரிவு வேண்டும், ஓரக் கல்லில் சரிவு இல்லை, ஆக முன்னாலேயே ரோட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். ஒரு நடைபாதையின் அகலம் அதில் இருக்கும் மிகக் குறுகலான இடத்தின் அகலம். அறிக்கையில் அந்த எண்ணைப் போடுங்கள்.

முடிந்தால் சக்கர நாற்காலியில் போகும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் வேகத்துக்கே நடங்கள். உதாரணம் காட்ட அழைத்துவந்தவர்களாக அவர்களை நடத்த வேண்டாம். அளவெடுக்கும் முடிவுகளில் அவர்களும் பங்காளிகள். சக்கரம் சிக்கும் டைல்ஸ் இடுக்கும், கம்பிக்கு நடுவே விட்ட குறுகல் இடைவெளியும் டேப்புக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். பைக் ஏறாமல் இருக்க நட்ட இரும்புக் கம்பங்கள் சக்கர நாற்காலியையும் சேர்த்துத் தடுத்துவிடுவது சென்னையில் அடிக்கடி காணும் காட்சி.

இங்கே நடைபாதைக் கடைகள் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டும். அளவெடுக்கப் போகும் குழுவுக்கு முதலில் கண்ணில் படுவது பூக்காரம்மாவும் இட்லிக் கடையும். “ஆக்கிரமிப்பு” என்ற கட்டத்தில் அவர்களை எழுதிவிட்டு, அதே நீளத்தில் நிற்கும் பத்துப் பைக்கை எழுதாமல் வந்துவிடுவார்கள். அந்த அறிக்கை அலுவலகத்துக்குப் போனால் நடப்பது ஒன்றுதான். மறுநாள் கூடையைத் தூக்கிப் போடுவார்கள், பைக் அப்படியே நிற்கும். 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. விற்பனைக் குழு கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஆகவே ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் வையுங்கள். இந்தப் பொருள் இருக்கும்போது நடக்க எவ்வளவு மிச்சம்? ஒரு பூக்கூடைக்கு 60 சென்டிமீட்டர் போகும். குறுக்காக நிறுத்திய ஒரு டூவீலருக்கு இரண்டு மீட்டர் நீளம் போகும், நடைபாதையே முடிந்துவிடும். அதோடு, தெருவை விடிகாலையிலிருந்து இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தப் பூக்காரம்மாதான். எந்த நேரத்தில் யார் நடக்கிறார்கள், எங்கே விழுகிறார்கள் என்று அவரைவிடத் துல்லியமாகச் சொல்ல ஆளில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு சுற்று போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று குறித்துவிடுங்கள். அங்கே எல்லோரும் ரோட்டின் நடுவுக்கு வந்துவிடுவார்கள். மே மாதம் மதியம் நிழல் எங்கே இருக்கிறது என்று ஒரு சுற்று. புங்கை மரம் நிற்கும் பக்கம் கூட்டமும் வெயில் பக்கம் வெறுமையுமாக இருப்பதை எண்ணிக்கையிலேயே காட்டலாம். இரவில், நாலு மீட்டர் தூரத்தில் எதிரே வருபவர் முகம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், கருவி வேண்டாம்.

6. வேகம், குறுக்கே கடப்பது

வேகத்தை அளக்க துப்பாக்கிக் கருவி தேவையில்லை. ரோட்டோரம் 50 மீட்டர் அளந்து இரு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டி ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வர 6 விநாடி ஆனால் 30 கிலோமீட்டர் வேகம். 4.5 விநாடி ஆனால் 40. 3.6 விநாடி ஆனால் 50. போன் ஸ்டாப்வாட்ச் போதும். நூறு வண்டியை அளந்து மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையாக அடுக்கினால் 85-ஆவது வண்டியின் வேகம்தான் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவு. 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் காரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அடிபட்டு விழுகிறவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பதே அந்த வித்தியாசம்தான்.

கடக்கும் இடத்துக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. பிரிட்டனில் உருவாகி இந்திய வழிகாட்டிகளிலும் இடம்பெற்றது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பில்லாத ரோட்டில் விடை 10 கோடியைத் தாண்டினால் அங்கே முறையான கடக்கும் வசதி வேண்டும். தடுப்பு இருந்தால் 20 கோடி. 400 பேர் கடக்கிறார்கள், 1,200 வண்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 × 1,200 × 1,200 என்றால் 57.6 கோடி. சென்னையின் எந்தக் கடைத்தெருவும் இந்தக் கணக்கில் தேறிவிடும் என்பதால், பொறியாளரோடு பேச இது நல்ல ஆயுதம்.

ஆனால் இந்தச் சூத்திரத்தின் ஓட்டையையும் அறிக்கையில் எழுதுங்கள். ரோடு எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ, கடப்பவர் எண்ணிக்கை அவ்வளவு குறையும். எண்ணிக்கை குறைந்தால் “இங்கே தேவையில்லை” என்று சூத்திரம் சொல்லிவிடும். பள்ளி, முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி வாசல்களில் இதை மட்டும் நம்பக் கூடாது.

சிக்னல் இருந்தால் பச்சை எரியும் நேரத்தை எடுங்கள். 14 மீட்டர் ரோட்டை, வழிகாட்டிகள் எடுத்துக்கொள்ளும் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17.5 விநாடி வேண்டும். இந்த ஐந்தரை விநாடியை வாங்கித் தந்தாலே உங்கள் ஆய்வுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பேருந்து அடியில் போக ஐந்தரை மீட்டர் உயரம் விட்டால், ஏற ஏறக்குறைய 40 படி, இறங்க 40 படி. 2023-இல் திறந்த மாம்பலம் ஸ்டேஷன் முதல் தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரையிலான 570 மீட்டர் ஆகாய நடைபாதை வேறு வகை. ரயிலில் வரும் கூட்டத்தை ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் விடாமல் பேருந்துக்குக் கொண்டுபோக அது உதவுகிறது. ஒரு ரோட்டைக் கடக்க மட்டும் மேலே ஏறி இறங்கச் சொல்வது, வண்டி நிற்க வேண்டாம் என்பதற்காக மனிதரை மலையேற்றுவது.

7. பேருந்து நிறுத்தம்

எல்லாப் பேருந்துப் பயணமும் நடையில் ஆரம்பித்து நடையில் முடிகிறது. நிறுத்தத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மக்கள் நிற்பது நிழற்குடையிலா, ரோட்டிலா? பேருந்து ஓரம் வந்து நிற்கிறதா, நடுரோட்டிலா? முதியவர் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து வரும்வரை எத்தனை பேருந்தை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணிவிடுங்கள்.

8. கேட்பது

எண்ணிக்கை காட்டாத ஆட்களைக் கண்டுபிடிக்கும் இடம் இதுதான். நிறைய நேரம் ஒதுக்குங்கள். தெருவில் போகிறவரை நிறுத்திக் கேட்பது பாதிதான். வீட்டுக் கதவைத் தட்டுங்கள், மதியம் 3 மணிக்கும் தட்டுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். ஒரு பாட்டியிடம் நடந்த பேச்சு இது.

“பாட்டி, வாரத்துல எத்தனை தடவை கடைத்தெரு பக்கம் போவீங்க?”

“நான் எங்கப்பா போறேன்? எல்லாம் பையன் வாங்கிட்டு வந்துடறான்.”

“முன்னாடி போயிட்டிருந்தீங்களா?”

“கோயிலுக்குத் தினம் போவேனே. இப்ப அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டணும். யாரு நிறுத்தறாங்க?”

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் “பயணம்: இல்லை” என்று எழுதிக்கொண்டு வந்திருப்போம். “முன்னாடி?” என்ற ஒரு கேள்வியில் நின்றுபோன ஒரு பயணமும் அதன் காரணமும் கடக்க முடியாத இடமும் கிடைத்துவிட்டன. ஆகவே உங்கள் படிவத்தில் இந்தக் கேள்விகள் கட்டாயம்: முன்பு போய் இப்போது போகாத இடம் எது? ஏன்? துணை இல்லாமல் போகாத இடம் எது? எந்த நேரத்துக்கு மேல் வெளியே போவதில்லை? பிள்ளையைத் தனியாக அனுப்புவீர்களா, எந்த வயதிலிருந்து?

ஒரு நாள் பயணக் குறிப்பும் வாங்குங்கள். “நேற்று காலையில் எழுந்ததிலிருந்து வாசலைத் தாண்டினதெல்லாம் சொல்லுங்க” என்று ஆரம்பித்தால் வரிசையாக வரும். வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா, பால் வாங்கி, முதல் வீட்டுக்குப் போய், திரும்பி வந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டு, இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு, நடுவில் ரேஷன் கடை, மாலையில் மறுபடி பள்ளி, மறுபடி ஒரு வீடு என்று சொல்வார். எல்லாம் நடை. அலுவலகத்துக்கு ஒரு முறை போய் ஒரு முறை வருகிறவருக்கு இரண்டு பயணம் என்றால் இவருக்குப் பத்தைத் தாண்டும். “வேலைக்கு எதில் போறீங்க?” என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் இந்தப் பத்தும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

தெருவில் வண்டி கூடினால் உறவு எப்படிக் குறைகிறது என்பதையும் அளக்கலாம். 1969 வாக்கில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோலிருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். நாளைக்கு 2,000 வண்டி போகும் தெரு, 8,000 போகும் தெரு, 16,000 போகும் தெரு. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். “உங்கள் வீடு எதுவரை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டு வரையச் சொன்னார். அமைதியான தெருக்காரர்கள் தெருவையே சேர்த்து வரைந்தார்கள், மற்றவர்கள் வாசலோடு நிறுத்தினார்கள். உங்கள் பேட்டையில் ஒரு சின்னத் தெருவையும் ஒரு பேருந்து ரோட்டையும் எடுத்து இதே இரண்டு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திண்ணையில் உட்காருகிறவர்களையும் எண்ணுங்கள்.

யாரிடம் கேட்டாலும் எதற்காக என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பெயர், வண்டி எண், முகம் தெரியும் படம் வேண்டாம். சிறுவர்களிடம் பேச ஆசிரியரோ பெற்றோரோ உடன் இருக்கட்டும்.

9. பள்ளி

தலைமையாசிரியரின் அனுமதியோடு வகுப்பில் இரண்டே கேள்வி, கையைத் தூக்கச் சொல்லி: “இன்னைக்கு எப்படி வந்தீங்க?” “எப்படி வர ஆசை?” இரண்டு விடைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முடிவு. சைக்கிளுக்குத் தூக்கும் கைகள் இரண்டாவது கேள்வியில் கூடும். அதிலும் பெண் பிள்ளைகளின் கைகளைத் தனியாக எண்ணுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிள் கையில் இருந்தும் அதில் வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பது தனி ஆய்வுக்கே உரிய கேள்வி. பிறகு வீட்டிலிருந்து பள்ளி வரை வழியை வரையச் சொல்லுங்கள். பயமான இடத்தைச் சிவப்பில், பிடித்த இடத்தைப் பச்சையில்.

10. கணக்குப் போடுவது

ஒரு எளிய விரிதாள் போதும். சராசரியைவிட, யார் எங்கே விடுபடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வார்டில் முதியவர் எத்தனை சதவீதம், தெருவில் எண்ணியபோது முதியவர் எத்தனை சதவீதம்? பெண்கள் இரவு 8 மணிக்கு மேல் எத்தனை? இந்த ஒப்பீட்டில்தான் இல்லாதவர்கள் தெரிவார்கள். எண்ணிக்கையையும் வீடுகளில் கேட்டதையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறியுங்கள். ரோட்டில் இறங்கும் இடம், விபத்து நடந்த இடம், “தாண்ட முடியல” என்று சொன்ன இடம் மூன்றும் ஒரே புள்ளியில் விழுந்தால் அதுதான் உங்கள் முதல் கோரிக்கை.

11. கொண்டுபோய்க் கொடுப்பது

ஒரு தெருவில் எத்தனை முதலாளிகள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உட்புறத் தெரு மாநகராட்சி மண்டல அலுவலகம், பேருந்து போகும் ரோட்டுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை, சில பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறை. சிக்னல் போக்குவரத்துக் காவல், நிறுத்தம் மாநகரப் போக்குவரத்துக் கழகம், மின்பெட்டி மின்வாரியம், பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியம். இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். தவறான அலுவலகத்துக்குப் போன நல்ல அறிக்கை மேசையிலேயே தங்கிவிடும்.

நாற்பது பக்க அறிக்கை உங்களிடம் இருக்கட்டும். கொடுப்பது ஒரு பக்கம், ஒரு வரைபடம், மூன்று கோரிக்கை. முதலில் வார்டின் உதவிப் பொறியாளரை நேரில் கூட்டிக்கொண்டு அந்த 200 மீட்டரை நடங்கள். அறைக்குள் பேசுவதைவிட இதில் நூறு மடங்கு வேலை நடக்கும். ரோடு போட மதிப்பீடு தயாராகும் முன்னால் போவது முக்கியம். ஒப்பந்தம் விட்டபின் ஓரக் கல்லைத் தாழ்த்தச் சொன்னால் “அடுத்த தடவை” என்ற பதில்தான் வரும். 3-ஆம் படியில் டெண்டர் தேதி கேட்டது இதற்குத்தான். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, கிடைக்கும் புகார் எண்ணையும் கோரிக்கையோடு சேருங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர முடிந்தால் இன்னும் பலம்.

பெரிய மாற்றம் கேட்டால் முதலில் சோதனை கேளுங்கள். கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுவது இயற்கை. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கும் முன், வண்டிப் போக்குவரத்தைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தார்கள். சோதனை நாட்களில் கடைக்கு வந்தவர் எண்ணிக்கையை நீங்களே எண்ணி, வாடிக்கையாளர் எதில் வந்தார் என்று கேட்டு, அந்தத் தாளோடு வியாபாரிகள் சங்கத்தில் உட்காருங்கள்.

12. மறுபடி அளப்பது

வேலை முடிந்ததும் ஆய்வும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதே மாதம், அதே கிழமை, அதே இடம், அதே தாள். கூடவே, எந்த வேலையும் நடக்காத பக்கத்துத் தெரு ஒன்றையும் இரண்டு முறையும் எண்ணியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடிய எண்ணிக்கை புது நடைபாதையாலா, புதிதாகத் திறந்த மெட்ரோ ஸ்டேஷனாலா என்று யாராலும் சொல்ல முடியாது. லண்டனில் வால்தம் ஃபாரஸ்ட் போன்ற பகுதிகளின் தெருக்களை நடைக்கும் சைக்கிளுக்கும் ஏற்றபடி மாற்றியபோது, போக்குவரத்து ஆய்வாளர் ரேச்சல் ஆல்ட்ரெட்டின் குழு இப்படித்தான் செய்தது. மாற்றம் நடந்த இடத்துக்காரர்களையும் நடக்காத இடத்துக்காரர்களையும் ஒரே படிவத்தில் கேட்டு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து, மாற்றம் அதிகம் நடந்த பகுதிகளில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு 41 நிமிடம் கூடுதலாக நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ செய்தார்கள்.

எண்ணிய தாள்களைப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எந்த விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ணினீர்கள் என்பதையும் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் எண்ண வருகிறவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.